விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள்

ஜேர்மனியில் நீண்ட காலமாக வசித்துவரும் சகோதரி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்து ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறாராம். அதை மகளின் பெயரில் தங்கமாக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நகையாகச் செய்தால் கூலி, சேதாரம் என்று ஒரு பங்கு போய்விடுகிறது. விற்கப் போனால் இன்னொரு பங்கு போய்விடுகிறது. ஆகவே அந்நாட்டின் பழைய தங்கக் காசுகளை வாங்கி வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் தேடிப் பார்த்தபோது ஒரே காசுக்குப் பத்து விலை இருந்ததைக் கண்டு மலைத்துப் போனாராம். மூன்று விளம்பரங்களை அச்செடுத்து அனுப்பி, "இவற்றில் எதை நம்பலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி தங்கத்தைப் பற்றியதாக இருந்தாலும், கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒரு பொருளை எப்படி மதிப்பிடுவது என்பதே அதன் சாரம். நம் தாய்மார் நகைக்கடைக்குப் போனால் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், தராசைப் பார்ப்பார்கள், உரைகல்லைப் பார்ப்பார்கள், கடைசியில் முதலாளியின் முகத்தையும் பார்ப்பார்கள். இணையக் கடைத்தெருவில் இவை ஒன்றும் இல்லை. அங்கே இருப்பது ஒரு படமும் நாலு வரி எழுத்தும் மட்டுமே. எனவே அந்தப் படத்தையும் எழுத்தையும் எப்படி வாசிப்பது என்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் காசைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அசலை அறியாதவர் போலியை அறிய முடியாது.

1871இல் ஜேர்மன் சிற்றரசுகள் ஒன்றுசேர்ந்து ஒரே பேரரசாயின. அதற்கு முன்னர் ஒவ்வொரு அரசும் தனித்தனியே காசு அடித்தது; டுகாட், பிஸ்டோல் என்று பல பெயர்கள், பல நிறைகள். அவை ஆழ்ந்து கற்றவர்களின் துறை. புதிதாக வாங்குபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. பேரரசு உருவான அதே ஆண்டு டிசம்பரில் தங்கக் காசுகளுக்கென ஒரு சட்டம் வந்தது. ஒரு இறாத்தல், அதாவது 500 கிராம் தூய தங்கத்திலிருந்து 1395 மார்க் பெறுமதியான காசுகள் அடிக்கப்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. அதிலிருந்து பிறந்தவைதான் 20 மார்க், 10 மார்க் காசுகள். 1877, 1878 ஆகிய இரு ஆண்டுகளில் மாத்திரம் 5 மார்க் தங்கக் காசும் அடித்தார்கள். அது மிகச் சிறியதாக இருந்தது, மக்கள் விரும்பவில்லை, நின்றுபோயிற்று.

20 மார்க் காசின் நிறை 7.965 கிராம். விட்டம் 22.5 மில்லிமீற்றர். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம், மிச்சம் செம்பு. ஆகவே அதிலுள்ள தூய தங்கம் 7.168 கிராம். 10 மார்க் காசு இதில் சரிபாதி: நிறை 3.982 கிராம், தூய தங்கம் 3.584 கிராம், விட்டம் 19.5 மில்லிமீற்றர். நம் வீடுகளில் ஒரு பவுண் என்றால் 8 கிராம். ஆகவே 20 மார்க் காசு ஒன்று ஏறத்தாழ ஒரு பவுண் நிறை என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் நாம் பழகிய 22 கரட் தங்கத்தைவிட இது ஒரு மாற்றுக் குறைவு, 21.6 கரட். கலந்திருப்பது செம்பு மட்டுமே என்பதால் நிறத்தில் இலேசான செம்மை தெரியும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாகப் படத்தில் தெரிந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். அங்குமிங்கும் சிறு செந்நிறப் புள்ளிகள் இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். செம்பு கலந்த அசல் காசுகளில் அது சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? போலி செய்பவனுக்கு நிறை, விட்டம், தடிப்பு மூன்றையும் ஒரே சமயத்தில் சரியாக வைத்துக்கொள்வது மிகக் கடினம். பித்தளையில் செய்து முலாம் பூசினால், அதே அளவுக் காசு ஏறத்தாழ 4 கிராம்தான் நிற்கும். நிறையைச் சரிக்கட்டப் போனால் காசு இரட்டிப்புத் தடிப்பாகிவிடும். 14 கரட் தங்கத்தில் செய்தால்கூட 6 கிராமுக்குச் சற்று மேலேதான் வரும். தங்கத்தின் கனம் அப்படிப்பட்டது. எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் காசை வைத்து எடுத்த படம். அன்றைய சட்டமே தேய்மானத்துக்கு ஓர் எல்லை வைத்திருந்தது: ஆயிரத்துக்கு ஐந்து பங்கு வரை குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் முழுப் பெறுமதிக்குச் செல்லாது. அந்தக் கணக்குப்படி 20 மார்க் காசு 7.925 கிராமுக்குக் கீழே இறங்கக்கூடாது. புழக்கத்தில் நன்றாகத் தேய்ந்த காசு சற்றுக் கீழே நிற்கலாம். ஆனால் முகத்தில் தேய்வே இல்லாமல் புதிதுபோல் இருந்துகொண்டு நிறையில் மட்டும் குறைந்தால், அந்தக் காசு தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்கிறது.

காசு கைக்கு வந்த பின் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தராசின் மேல் ஒரு சிறு கோப்பையில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் நிறை. காசின் நிறையை அந்த எண்ணால் வகுத்தால் 17.2 அளவில் வர வேண்டும். 20 மார்க் காசுக்குத் தண்ணீரில் 0.46 கிராம் காட்டும். 0.6 என்று காட்டினால் அது இந்தத் தங்கம் அல்ல. மலிவான தராசு கொஞ்சம் பொய் சொல்லும் என்பதால் மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதும் நல்லதே. ஒட்டினால் போலி என்பது நிச்சயம். ஒட்டாவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. உரைகல்லில் உரைப்பதோ, அமிலம் விடுவதோ, பல்லால் கடிப்பதோ வேண்டாம். காசின் முகத்தில் விழும் ஒரு கீறல் அதன் விலையைக் குறைத்துவிடும். சாம்பலோ புளியோ போட்டு மினுக்குவதும் அப்படித்தான். நம்மில் பலருக்கு அந்தக் கை சும்மா இருக்காது.

இனி காசின் எழுத்துக்கு வருவோம். இங்கேதான், தராசு இல்லாமலே, படத்தை மட்டும் பார்த்துப் பல போலிகளைக் கண்டுகொள்ளலாம்.

ஒரு பக்கம் அந்தந்த அரசின் மன்னருடைய தலை. ஹம்பேர்க், பிரேமன், லூபெக் ஆகிய மன்னரில்லாத நகரங்களுக்கு நகரச் சின்னம். மறுபக்கம் பேரரசின் கழுகு, ஆண்டு, பெறுமதி. மன்னர் தலைப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது எந்த நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். "ஏ" என்றால் பேர்லின், "பீ" ஹனோவர், "சீ" பிராங்க்போர்ட், "டீ" மியூனிக், "ஈ" சாக்ஸனியில் முதலில் டிரெஸ்டன், பின்னர் மூல்டன்ஹியூட்டன், "எஃப்" ஸ்ருட்கார்ட், "ஜீ" கார்ள்ஸ்றூஹ, "எச்" டார்ம்ஸ்ராட், "ஜே" ஹம்பேர்க். இதில் ஹனோவர் 1878உடனும், பிராங்க்போர்ட் 1879உடனும், டார்ம்ஸ்ராட் 1882உடனும் மூடப்பட்டுவிட்டன. அதற்குப் பிந்திய ஆண்டோடு அந்த எழுத்து இருக்குமானால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. பவேரிய மன்னர்களின் காசுக்கு "டீ", சாக்ஸனிக்கு "ஈ", வூர்ட்டம்பேர்க்குக்கு "எஃப்", பாடனுக்கு "ஜீ" என்பது மாறாத வழக்கு. பவேரிய மன்னர் தலையின் கீழ் "ஏ" இருந்தால் அந்தக் காசு பிறந்த ஊரே தெரியாத காசு.

கழுகிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஆரம்ப காலக் கழுகு சிறியது, அதன் மார்பிலுள்ள கேடயம் பெரியது. 1890ஐ ஒட்டி அது மாறியது: கழுகு பெரிதாயிற்று, கேடயம் சிறிதாயிற்று. 1888இல் மறைந்த முதலாம் வில்ஹெல்மின் தலைக்குப் பின்னால் அந்தப் பெரிய கழுகு இருக்க வழியே இல்லை. அதேபோல 1871 முதல் 1873 வரையான காசுகளில் பெறுமதியை ஒற்றை எழுத்தால் சுருக்கிப் பொறித்தார்கள். 1874 முதல்தான் "மார்க்" என்ற சொல் முழுமையாக வந்தது. இவற்றையெல்லாம் எண்ணிட்டு வரிசைப்படுத்திய பட்டியல் நூல் ஒன்று உண்டு. குர்ட் யேகர் என்பவர் தொகுத்தது. ஜேர்மன் வியாபாரிகள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். பிரஷ்யாவின் இரண்டாம் வில்ஹெல்ம் 20 மார்க், 1890 முதல் 1913 வரை அடிக்கப்பட்டது, யேகர் 252. விளம்பரத்திலுள்ள எண்ணும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இந்நூல் அங்குள்ள பொது நூலகங்களில் கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

அடுத்தது விளிம்பு. இதைத்தான் விற்பவர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. இதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 20 மார்க் காசின் விளிம்பைச் சுற்றி "இறைவன் எம்முடன்" என்ற பொருள்படும் மூன்று ஜேர்மன் சொற்கள் உள்வாங்கிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 10 மார்க் காசில் எழுத்து இல்லை, கொடிகளும் நட்சத்திரங்களும் இருக்கும். 5 மார்க் காசின் விளிம்பு வழுவழுப்பு. வார்ப்பு முறையில் செய்த போலியின் விளிம்பில் இரண்டு அச்சுப் பாதிகளும் சேர்ந்த கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் தெரியும். எழுத்துகள் மங்கலாகவோ ஒன்றுக்கொன்று உயரம் மாறியோ இருக்கும். சங்கிலியில் தொங்கவிட வளையம் ஒட்டிய காசுகளும் ஏராளம் உண்டு. அந்நாட்டுப் பெண்களும் நம் பெண்களைப் போலக் காசைக் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். பிறகு வளையத்தைக் கழற்றி, ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டு விற்பார்கள். அது போலி அல்ல, தங்கம் தங்கம்தான். ஆனால் சேகரிப்பவரின் விலை அதற்கு இல்லை. அப்படிப்பட்ட காசுக்கும் பழுதில்லாத காசின் விலையைக் கேட்பவர் விளிம்பைக் காட்டமாட்டார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முகப்பை உருப்பெருக்கிப் பாருங்கள். அச்சில் அடித்த அசல் காசின் வெறும் பரப்பு தட்டையாக இருக்கும். எழுத்துகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். வார்த்த காசில் மணல் தூவியதுபோல நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரம் கரைந்ததுபோல உருண்டிருக்கும். மன்னரின் தாடி மயிரும் கழுகின் இறகும் ஒன்றோடொன்று கலந்து தெரியும்.

இதைவிடக் கடினமான ஒரு வகைப் போலி உண்டு. ஓர் அசல் காசிலிருந்தே அச்சை எடுத்து, அந்த அச்சால் மீண்டும் அடிப்பது. அந்த அசல் காசில் ஒரு சிறு வடு இருந்தால், அதிலிருந்து பிறந்த போலிகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வடு இருக்கும். இரண்டு காசுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே காயம் விபத்தாக ஏற்படாது. ஒரே விற்பவரிடமுள்ள நாலைந்து காசுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இப்படி ஒப்பிட முடியாது. இணையம் வாங்குபவருக்குத் தந்திருக்கும் அரிய வசதிகளுள் இதுவும் ஒன்று.

1950களிலிருந்து 1970கள் வரை லெபனானில், குறிப்பாகப் பெய்ரூட்டில், தங்கக் காசுப் போலிகள் பெருமளவில் செய்யப்பட்டன. பிரித்தானியப் பவுண், பிரெஞ்சுக் காசு, அமெரிக்கக் காசு, ஜேர்மன் காசு எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் பலவற்றில் தங்கம் சரி, நிறையும் சரி. பிறகு அதில் என்ன இலாபம் என்று கேட்கலாம். அரிய ஆண்டின் காசுக்கு, அதிலுள்ள தங்கத்தைப் போலப் பல மடங்கு விலை உண்டல்லவா? அந்த மேல்விலைதான் இலாபம். தராசும் தண்ணீரும் இந்த வகையைக் காட்டிக்கொடுக்கா. அச்சின் நுட்பத்தை அறிந்த கண்தான் காட்டிக்கொடுக்கும்.

இதிலிருந்து சேமிப்புக்காக வாங்கும் ஒரு குடும்பப் பெண்ணுக்கு நான் சொல்வது ஒன்றே. அரிய காசைத் தேடாதீர்கள். இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட, விலை தங்கத்தை ஒட்டியே நிற்கும், பிரஷ்யாவின் முதலாம், இரண்டாம் வில்ஹெல்ம்களின் சாதாரண 20 மார்க் காசுகளைத் தேடுங்கள். அவற்றில் போலி இல்லை என்பதல்ல. ஏமாந்தாலும் இழப்பு கணக்கில் அடங்கும்.

அரிது என்று சொல்லி விற்பதற்கு எத்தனை கதைகள்! சகோதரி அனுப்பிய இரண்டாவது விளம்பரம் அப்படியொரு கதைதான். பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக் 1888 மார்ச் 9ஆம் திகதி ஆட்சிக்கு வந்தார். ஜூன் 15இல் நோயால் மறைந்தார். 99 நாட்கள் மட்டுமே ஆண்டார். "99 நாள் மன்னரின் மிக அபூர்வக் காசு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, தங்க விலையின் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். ஆட்சி குறுகியது உண்மை. ஆனால் அந்த ஒரே ஆண்டில் பேர்லினில் அவருடைய 20 மார்க் காசு 50 இலட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. ஆள் நிலைக்கவில்லை, காசு நிலைத்தது. ஓரளவு கூடுதலாகக் கொடுப்பது தகும். இரண்டு மடங்கு தகாது. அந்த விளம்பரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. படம் ஏதோ நூலிலிருந்து எடுத்த அழகான படம். கீழே சிறு எழுத்தில் "படம் உதாரணத்துக்கு" என்றிருக்கிறது. உங்களுக்கு வரப்போகும் காசையே அவர் காட்டவில்லை, சகோதரி! பெயர்பெற்ற தங்க வியாபாரிகள் சாதாரணக் காசுகளுக்கு ஒரே படத்தைப் போடுவதுண்டு. அவர்கள் தங்க விலைக்குச் சற்று மேலே, இன்ன தரம் என்று பொறுப்பேற்று விற்கிறார்கள். அபூர்வம் என்று சொல்லி இரட்டை விலை கேட்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலாவது விளம்பரத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. 20 மார்க் காசு, தங்க விலையில் அரைவாசிக்குச் சற்றுக் கூட. "பாட்டியின் பெட்டியில் கிடந்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற பாவனை. ஜேர்மனியில் பரண்மேல் கண்டெடுத்தது என்று சொல்ல ஒரு தனிச் சொல்லே இருக்கிறது, "டாஹ்போடன்ஃபுண்ட்" என்று. இந்தச் சொல்லைக் கண்டால் பணப்பையை மூடிவிடுங்கள். தங்க விலை என்னவென்று தெரியாத வயோதிபர் எங்காவது இருக்கலாம். அவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போடத் தெரிந்தவராகவும் இருக்கிறார் என்பதுதான் நம்ப முடியாதது.

கணக்கை நீங்களே போடலாம். அன்றைய அவுன்ஸ் விலையை 0.2304ஆல் பெருக்கினால் 20 மார்க் காசிலுள்ள தங்கத்தின் விலை வந்துவிடும். அதற்குக் கீழே எவரும் நல்ல காசை விற்கமாட்டார். பக்கத்துத் தெருத் தங்கக் கடையே அதற்கு ஒட்டிய விலைக்கு வாங்கிக்கொள்ளும்போது ஏன் விற்க வேண்டும்? அந்த விளம்பரத்தின் அடியில் இருந்தது "நாஹ்ப்ரேகுங்" என்ற சொல். பின்னர் அடிக்கப்பட்ட பிரதி என்று பொருள். பக்கத்தில் 585 என்ற எண். அதாவது 14 கரட்டில் பிற்காலத்தில் செய்யப்பட்ட பதக்கம். சட்டப்படி அவர் பொய் சொல்லவில்லை. உண்மையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். "கோபீ", "ரெப்ளிக்", "ஃபெர்கோல்டெட்" ஆகிய சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலிரண்டும் பிரதி, மூன்றாவது முலாம் பூசியது. 1918க்குப் பின் குடியரசுக் காலத்திலோ ஹிட்லர் காலத்திலோ புழக்கத்துக்கென்று தங்கக் காசு அடிக்கப்படவேயில்லை. அந்த ஆண்டுகளைத் தாங்கி மார்க் தங்கக் காசு என்று வருபவை கற்பனைப் படைப்புகள்.

பேரரசின் ஆபிரிக்கக் குடியேற்றத்தில் பிறந்த ஒரு காசைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் நமக்குப் பழக்கமானது. ஜேர்மன் கிழக்காபிரிக்காவில் பணம் ரூபா. யுத்தத்தால் தாயகத்தோடு தொடர்பு அறுந்தபோது, 1916இல் தபோரா என்ற ஊரின் புகையிரதப் பட்டறையில் 15 ரூபாத் தங்கக் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் மலைக்கு முன்னே துதிக்கை தூக்கிய யானை. ஆயிரத்துக்கு 750 பங்கே தங்கம். அடிக்கப்பட்டவை 16,198 காசுகள்தாம். யானையின் அழகுக்காக எல்லோரும் ஆசைப்படுகிறார்கள்; அதனாலேயே போலியும் பிரதியும் மலிந்திருக்கின்றன. நிபுணரின் சான்று இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். நியூகினியாவுக்கென 1895இல் அடித்த சொர்க்கப் பறவைக் காசுக்கும் இதே வார்த்தைதான்.

சான்று என்றதும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்து வரும் காசுகள் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் என்ஜீசீ, பீசீஜீஎஸ் போன்ற நிறுவனங்கள் காசைப் பார்த்துத் தரமிட்டு, எண் கொடுத்து, இப்படி அடைத்துத் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காசைப் போலி செய்பவன் பெட்டியையும் செய்வான் அல்லவா? செய்கிறான். பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள்; படம் இருந்தால் ஒவ்வொரு வடுவாக ஒப்பிடுங்கள். எண் மெய்யாகவும் பெட்டி போலியாகவும் இருக்கக்கூடும்.

சில வேளை நாணயச் சாலையே தவறிழைத்ததும் நடந்திருக்கிறது. கார்ள்ஸ்றூஹ நாணயச் சாலையில் பணியாற்றியவர்கள் 1967 தொடக்கம் 1974 வரை, சேகரிப்போர் தேடும் அரிய காசுகளை அதே அச்சால் அனுமதியின்றி மீண்டும் அடித்து வெளியே விட்டது பிடிபட்டது. அவை தங்கக் காசுகள் அல்ல. சரியான அச்சு, சரியான இயந்திரம், சரியான உலோகம். எனினும் அது கள்ளக் காசே என்று நீதிமன்றம் தீர்த்தது. அடிக்கும் அதிகாரம் இல்லாமல் அடித்தது காசாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் கருத்து.

காசு பார்ப்பது ஒரு பழைய தொழில். அரபு மொழியில் "ஸர்ராஃப்" என்று அழைப்பார்கள். நம் நாட்டுக் கச்சேரிகளில் காசாளரைச் "சிறாப்பர்" என்று அழைத்தார்களே, அந்தச் சொல்லின் வேர் இதுதான். 1772இல் பிறந்து 1830இல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜேர்மானியர், பழங்காலக் கிரேக்க, ரோமக் காசுகளைப் போலியாகச் செய்வதில் பெயர்பெற்றவர். புதிதாகச் செய்த காசுகளை இரும்புத் தூளும் கொழுப்பும் கலந்த பெட்டியில் இட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டி ஊர் சுற்றுவாராம். திரும்பி வரும்போது காசு கிழடாகிவிடும். அவருடைய அச்சுகள் இன்று பேர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழமையாகத் தோன்றுவதே பழமைக்குச் சான்று என்று எண்ணுபவர்கள் பெக்கரின் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது விளம்பரம் ஒரு காசு வியாபாரியுடையது. இரண்டாம் வில்ஹெல்ம், 1905, பேர்லின், யேகர் 252. இரு பக்கமும் அந்தக் காசின் படமே, நிறை எழுதியிருக்கிறது, அசல் என்று எழுத்தில் உறுதி, கடையின் விலாசமும் வியாபாரப் பதிவும் கீழே. விலை தங்கத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். சகோதரி அதனாலேயே தயங்குகிறார். எனக்குத் தயக்கமில்லை, விளிம்புப் படம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி, 1800க்குப் பின் அடிக்கப்பட்டு, தொள்ளாயிரத்துக்குக் குறையாத தூய்மையோடு, ஒரு காலத்தில் செல்லுபடியாகி, தங்க விலையை 80 வீதத்துக்கு மேல் தாண்டாமல் விற்கப்படும் காசு முதலீட்டுத் தங்கம். அதற்குப் பெறுமதி சேர் வரி இல்லை. விலையில் வரி சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தூரத்திலிருந்து வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்பது அங்குள்ள பொதுவிதி. ஆனால் சந்தை விலையோடு ஏறி இறங்கும் பொருட்களுக்கு அது பொருந்தாது. தங்க விலையை ஒட்டி விற்கும் காசை அந்த வகையில் சேர்த்துத் திருப்ப மறுப்பார்கள். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை முதலிலேயே இல்லை. "தனியார் விற்பனை, பொறுப்பில்லை" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். எனினும் அசல் 20 மார்க் தங்கக் காசு என்று விளம்பரத்திலே உறுதியாகச் சொல்லிவிட்டுப் போலியை அனுப்பினால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது. ஆகவே விளம்பரத்தின் முழுப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது மறைந்துவிடக்கூடும். பொதியைப் பிரிக்கும்போது இன்னொருவர் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். "நண்பருக்கு அனுப்புவதுபோல் பணத்தை அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்" என்று விற்பவர் சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். அந்த முறையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு இல்லை.

மார்க்க ரீதியான ஒரு விடயமும் இதில் கலந்திருக்கிறது. பணம் கொடுத்துத் தங்கம் வாங்குவதில் இரண்டும் ஒரே அமர்வில் கைமாற வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். இன்று பணத்தை அனுப்பிவிட்டுப் பத்து நாள் கழித்துத் தங்கத்தைப் பெறுவது கூடாது என்றே பல உலமாக்கள் கூறுகிறார்கள். குறித்த காசு வாங்குபவரின் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டால் அதுவே கைப்பற்றியதற்குச் சமம் என்று கருதுவோரும் உள்ளனர். இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போகாமலே ஒரு வழி இருக்கிறது: இணையத்தில் தெரிவு செய்து ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, கடைக்கு நேரில் சென்று பணம் கொடுத்து எடுத்து வருவது. பல வியாபாரிகள் இதற்கு இடம் தருகிறார்கள். சகோதரியின் மூன்றாவது விளம்பரத்திலும் அந்த வசதி இருக்கிறது. கடை அவர் வசிக்கும் நகரிலிருந்து ஒரு மணி நேரப் புகையிரதப் பயணம்தான். 2020 முதல் 2000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்துத் தங்கம் வாங்குவோர் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மறக்காமல் எடுத்துச் செல்லட்டும். சிறு தராசு ஒன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். நேர்மையான வியாபாரி அதைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார்; தன்னுடைய பெரிய தராசையே எடுத்து முன்னால் வைப்பார்.